வாசகர் கேள்விகள்: சிறிய மிருகக்காட்சிசாலையில் குடும்பத்தோடு ஒரு நாள்

கேள்வி: வீட்டிலிருந்து எளிதில் சென்றுவரும் தொலைவில் ஒரு சிறிய மிருகக்காட்சிசாலை இருக்கிறது. விடுமுறையில் எட்டு வயது மகனையும் ஐந்து வயது மகளையும் அங்கே அழைத்துச் சென்றோம். யானை இல்லை, ஒட்டகச்சிவிங்கி இல்லை; இருந்த விலங்குகளும் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி முடித்துவிட்டு, “அவ்வளவுதானா?” என்று இருவரும் கேட்டார்கள். மறுபடியும் போவதில் பயன் ஏதும் உண்டா? (இரு குழந்தைகளின் தாய்)

பதில்: உண்டு, ஆனால் போகும் நேரத்தையும் பார்க்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் சென்றது நண்பகலை ஒட்டிய நேரமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பாலூட்டிகளில் பல, விடியற்காலையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. காட்டில் சுதந்திரமாகத் திரியும் சிங்கமே ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை ஓய்வில் கழிக்கிறது என்னும்போது, வெயில் உச்சிக்கு வந்த வேளையில் கூண்டிலிருக்கும் சிங்கம் நமக்காக எழுந்து நடமாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. வாயில் திறந்தவுடன் உள்ளே செல்லுங்கள். அது முடியாவிட்டால், மூடுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த விலங்குக்கு எப்போது உணவு வைப்பார்கள் என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய பூங்காக்களில் பராமரிப்பாளரைக் கண்ணால் காண்பதே அரிது. சிறிய இடத்தில் அவர் வாளியோடு உங்கள் பக்கத்திலேயே நடந்து போவார், குழந்தைகள் கேட்டால் நின்று பதிலும் சொல்வார்.

இனிப் பார்க்கும் முறை. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெயர்ப்பலகைகளைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மூன்று அல்லது நான்கு விலங்குகளை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி நேரமாவது நில்லுங்கள். மானை எடுத்துக்கொள்வோம். படுத்திருக்கும் மானைத் தூங்குகிறது என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதன் கழுத்தின் அடிப்பகுதியைக் கவனிக்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் ஓர் உருண்டை தோலுக்கடியில் கீழிருந்து மேலேறி வாய்க்குள் போகும். தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். அரைத்து முடிந்ததும் அது கீழே இறங்கும். சில நொடிகள் கழித்து அடுத்த உருண்டை ஏறும். ஓர் உருண்டையை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணச் சொன்னால், அண்ணனுக்கு ஒரு கணக்கும் தங்கைக்கு வேறொரு கணக்கும் வரும். எது சரி என்று தீர்ப்பதற்காகவே இருவரும் அடுத்த உருண்டைக்குக் காத்திருப்பார்கள். கொம்பையும் பாருங்கள். கிளைவிட்ட கொம்புள்ள மான் ஆண்டுதோறும் அதை உதிர்த்துப் புதிதாக வளர்க்கிறது. வளரும் காலத்தில் அதன்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். கிளைவிடாத கொம்புள்ள இரலை வகைகளோ வாழ்நாள் முழுவதும் ஒரே கொம்போடு இருக்கின்றன. ஒரே வேலிக்குள் இரண்டும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது மிக எளிது.

ஒட்டகச்சிவிங்கி இல்லாத குறையை ஆந்தை தீர்த்துவைக்கும். ஒட்டகச்சிவிங்கியின் அத்தனை நீளக் கழுத்திலும் நமக்கு இருப்பதுபோல 7 எலும்புகள்தாம். ஆந்தையின் குட்டைக் கழுத்தில் 14 எலும்புகள். அதன் கண்கள் குழிக்குள் அசைவதில்லை என்பதால், பார்வையைத் திருப்ப வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். அதற்காகத்தான் 270 பாகை வரை சுழலும் கழுத்து அதற்கு வாய்த்திருக்கிறது. உங்கள் மகள் மெதுவாகக் கூண்டைச் சுற்றி நடந்தால் அந்தத் தலை அவளைத் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெர்ன், பாசல், சூரிச் ஆகிய நகரங்களின் மிருகக்காட்சிசாலைகளுக்கு இயக்குநராக இருந்த ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தொலைவு உண்டு, அதைத் தாண்டி நாம் நெருங்கினால் அது விலகி ஓடும் என்று விளக்கினார். வேலியில் மார்பைச் சாய்த்துக் கையை ஆட்டுகிறவர்களுக்கு விலங்கின் முதுகுதான் தெரியும். இரண்டு அடி பின்வாங்கிப் பேசாமல் நின்றால், உள்ளே பதுங்கியிருந்தது சில நிமிடங்களில் வெளியே வருவதுண்டு.

கேள்வி: முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமலே கிடந்தது. அது பொம்மை என்று என் தம்பி மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையில் என்ன செய்கிறது? (ஓர் அத்தை)

பதில்: உயிருள்ள முதலைதான். தன் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிச் சீராக வைத்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லாததால், வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்கிறது. தலை அளவுக்கு மீறிச் சூடாகாமலிருக்க வாயைத் திறந்து வைக்கிறது. அசையாமல் கிடப்பதால் செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. வளர்ந்த முதலை வாரக்கணக்கில் உண்ணாமலும் இருந்துவிடும். கண்ணுக்குக் குறுக்கே பக்கவாட்டில் ஒரு மெல்லிய சவ்வு வந்து மறைவதை உங்கள் தம்பி மகன் பொறுமையாகக் காத்திருந்து பார்த்தால், பொம்மை வாதத்தை அவனே கைவிட்டுவிடுவான்.

கேள்வி: சிறுத்தை ஒன்று கூண்டின் ஓரமாக ஒரே பாதையில் போவதும் வருவதுமாக இருந்தது. நாங்கள் நின்ற நேரம் முழுவதும் ஒரே இடத்தில் திரும்பியது. “அதுக்குக் கோபமாப்பா?” என்று மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. (ஒரு தந்தை)

பதில்: கோபம் அன்று. ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, வெளிப்படையான பயன் எதுவுமின்றித் திரும்பத் திரும்ப நடப்பது, அடைபட்டு வாழும் ஊனுண்ணிகளிடம் அடிக்கடி காணப்படும் ஒரு பழக்கம். உணவு நேரம் நெருங்கும்போது மட்டும் இப்படி நடந்தால் அதை ஓரளவு எதிர்பார்ப்பின் பரபரப்பு என்று கொள்ளலாம். நாளின் எந்த வேளையில் போனாலும் இதே நடையென்றால், அந்த இடம் அந்த விலங்கின் தேவைக்குப் போதவில்லை, அல்லது முன்பு எங்கோ போதாத இடத்தில் இருந்தபோது ஏற்பட்ட பழக்கம் இன்னும் விடவில்லை என்று பொருள். 2003ஆம் ஆண்டு ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, காட்டில் எந்த ஊனுண்ணி மிக விரிந்த பரப்பில் திரிகிறதோ அதுவே கூண்டில் மிகுதியாக இப்படி நடக்கிறது, அதன் குட்டிகளே மிகுதியாக இறக்கின்றன என்று காட்டியது. பனிக்கரடிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அடைப்பு, இயற்கையில் அது திரியும் மிகக் குறைந்த பரப்பிலும் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

ஆகவே கூண்டின் நீள அகலத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறுத்தை மரமேறும் விலங்கு. அது நம் தலைக்கு மேலே போய்ப் படுக்க உயரமான மேடையோ கிளையோ இருக்கிறதா? பார்வையாளர்களின் கண்ணில் படாமல் ஒதுங்க ஒரு மறைவிடம் இருக்கிறதா? நான்கு பக்கமும் மக்கள் நிற்கிறார்களா, ஒரு பக்கம் மட்டுமா? உணவை ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்களா, தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒளித்து வைக்கிறார்களா? கம்பிகளை எடுத்துவிட்டு அகழிகளால் விலங்குகளைப் பிரித்துக் காட்டும் முறையை ஹாம்பர்க் நகருக்கு அருகில் கார்ல் ஹாகன்பெக் 1907ஆம் ஆண்டு திறந்த பூங்கா பரப்பியது. உலகம் முழுவதும் அதைப் பின்பற்றினார்கள். பார்வைக்கு அது மிக அழகுதான். ஆனால் அகழிக்கு அப்பால் ஏறுவதற்கும் ஒளிவதற்கும் எதுவுமற்ற சிமெண்ட் தளம் இருந்தால், அந்த அழகு நமக்கு மட்டுமே உரியது.

சிறிய மிருகக்காட்சிசாலைகளைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கூட்டத்தை இழுப்பதற்காக ஒற்றைக் கரடியை வைத்திருக்கும் சிறிய பூங்காவைவிட, முள்ளம்பன்றியும் ஆந்தையும் ஆமையும் மட்டுமே வைத்திருக்கும் சிறிய பூங்கா மேலானது. சிறிய இடத்தில் நிறைவாக வாழக்கூடிய உயிர்கள் எத்தனையோ இருக்கின்றன. மகனிடம், “அதற்கு ஏறவும் ஓடவும் ஆசை, இங்கே இடம் போதவில்லை” என்று உள்ளதைச் சொல்லுங்கள். எட்டிப் பார்க்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அது புரியும். நீங்கள் பார்த்த நாள், நேரம், எவ்வளவு நேரம் நடந்தது ஆகியவற்றைக் குறித்து நிர்வாகத்துக்கு எழுதுவதும் பொருத்தமானதே. பொத்தாம்பொதுவாக வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தைவிட இத்தகைய குறிப்புக்குத்தான் விலங்கு மருத்துவர் மதிப்புக் கொடுப்பார்.

கேள்வி: என் மாமனார் எங்கே போனாலும் விலங்குகளுக்கு எதையாவது கொடுக்காமல் வரமாட்டார். குரங்குக்குப் பழமும் மானுக்கு ரொட்டியும் போட்டார். “வாயில்லா ஜீவன், பசிக்காதா?” என்கிறார். தடுத்தால் அவர் மனம் புண்படுகிறது. தடுக்காவிட்டால் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் குழந்தைகள் என்னைப் பார்க்கிறார்கள். (ஒரு மருமகள்)

பதில்: உங்கள் மாமனாரின் இரக்கம் உண்மையானது, அதனால் விதியைச் சொல்லித் தடுப்பதைவிடக் காரணத்தைச் சொல்வதே அவர் மனத்தில் இறங்கும். மானின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் இலையையும் மெல்ல நொதிக்கச் செய்து மானுக்கு ஊட்டம் தருபவை அவையே. ரொட்டி போன்ற மாவுப்பொருள் மிகுதியாகப் போனால் நொதித்தல் வேகமெடுத்து அமிலம் பெருகுகிறது. அந்த நுண்ணுயிர்கள் மடிகின்றன, மான் தீவனத்தை ஒதுக்குகிறது, அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தாகிறது. ஒருவர் போடுவது ஒரு துண்டுதான். ஆனால் அன்று வந்த நூறு பேரும் அதே இரக்கத்தோடு ஆளுக்கொரு துண்டு போட்டிருப்பார்கள். பழத்தின் கதையும் இதுவே. மனிதர்கள் தங்களுக்காகப் பயிரிட்டுப் பெருக்கிய வாழைப்பழத்தில், காட்டுக் கனிகளில் இருப்பதைவிடச் சர்க்கரை மிகுதி, நார் குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் மிருகக்காட்சிசாலை 2014ஆம் ஆண்டு குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்திக் காய்கறிகளைக் கூட்டியதற்கு, பற்சிதைவும் சர்க்கரை நோயும் வரக்கூடும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

அவருக்கு மாற்றாக ஒரு வேலை கொடுங்கள். பராமரிப்பாளர் உணவு வைக்கும் நேரத்துக்கு அவரை அங்கே அழைத்துச் சென்று, எந்த விலங்குக்கு என்ன, எவ்வளவு என்று கேட்டுப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். பெரியவர்கள் கேட்டால் பராமரிப்பாளர்களும் விரிவாகவே சொல்வார்கள். பூங்காவே தீவனம் விற்றுக் கையில் கொடுக்கும் அடைப்பு ஏதேனும் இருந்தால், அங்கே அவர் ஆசை தீரக் கொடுக்கட்டும்.

குரங்கைப் பற்றி ஒரு கூடுதல் எச்சரிக்கை. பல்லைக் காட்டும் குரங்கு சிரிக்கிறது என்று எண்ணிப் பதிலுக்கு நாமும் பல்லைக் காட்டுகிறோம். குட்டைவால், நீளவால் என்ற வேறுபாடின்றிப் பல குரங்கினங்களில் அது அச்சத்தின் அல்லது பணிவின் அடையாளம். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதோ மிரட்டலின் அடையாளம். 2007ஆம் ஆண்டு ராட்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் பொகிட்டோ என்ற கொரில்லா அகழியைத் தாண்டி வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகத் தாக்கியது. அவர் அடிக்கடி வந்து அதன் கண்களைப் பார்த்துப் புன்னகைப்பவர். அதன்பின், பார்க்கிறவரின் கண்கள் வேறு பக்கம் நோக்குவதுபோல் படம் அச்சிட்ட அட்டைக் கண்ணாடிகளை அங்கே பார்வையாளர்களுக்கு வழங்கினார்கள் என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், சொல்லும் செய்தி சரியானதே.

கேள்வி: தொட்டுப் பார்க்கும் அடைப்பில் ஆட்டுக்குட்டிகளும் முயல்களும் இருக்கின்றன. ஒன்றரை வயதுக் குழந்தையை உள்ளே விடலாமா? (ஓர் இளம் தாய்)

பதில்: விடலாம், கையைக் கழுவ இடம் பக்கத்திலேயே இருந்தால். ஆடு மாடுகளின் குடலில் இருக்கும் சில ஈ.கோலை வகைக் கிருமிகள் அந்த விலங்குக்குத் தீங்கு செய்யாமல் நம் குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கையும், சில வேளைகளில் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். 5 வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்து கூடுதல். விலங்கு நலமாகத் தோன்றுவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பால்புட்டி, உறிஞ்சி, தின்பண்டம் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்தவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 நொடிகளாவது கழுவுங்கள். விலங்கைத் தொடாமல் வேலியை மட்டும் பிடித்திருந்தாலும் கழுவுங்கள். கிருமிநாசினிக் களிம்பு எல்லாக் கிருமிகளையும் அழிப்பதில்லை. அது குழாய் இல்லாத இடத்துக்கான தற்காலிக ஏற்பாடுதான். ஆமை, பாம்பு, ஓணான் போன்றவற்றின் தோலில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், இந்த வயதில் அவற்றைத் தொட வேண்டாம்.

கேள்வி: விலங்குகளை அடைத்துவைத்து வேடிக்கை பார்ப்பது தவறு என்று கல்லூரியில் படிக்கும் மூத்த மகள் எங்களோடு வர மறுக்கிறாள். இளையவர்களோ போக வேண்டும் என்று துடிக்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? (குழம்பிய பெற்றோர்)

பதில்: மூத்த மகளின் கேள்வி எடுத்தெறியத்தக்கதன்று. இன்றும் இயங்கிவரும் மிருகக்காட்சிசாலைகளில் மிகப் பழையதான வியன்னாவின் ஷான்புருன், 1752ஆம் ஆண்டு ஓர் அரசக் குடும்பத்தின் பொழுதுபோக்குக்காக அமைக்கப்பட்டது. வேடிக்கை பார்ப்பதுதான் இந்த நிறுவனத்தின் பிறப்பிலேயே இருக்கும் குணம். ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. அரேபிய இரலை 1972ஆம் ஆண்டு வேட்டையால் இயற்கையிலிருந்து முற்றிலும் மறைந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சிலவற்றைப் பிடித்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் பெருக்கத் தொடங்கியிருந்ததால், 1982ஆம் ஆண்டு ஓமான் பாலைவனத்தில் அவற்றின் வழிவந்தவற்றைத் திரும்ப விட முடிந்தது. கலிஃபோர்னியக் கழுகு 1987ஆம் ஆண்டு உலகிலேயே 27 மட்டும் எஞ்சியிருந்தது, அத்தனையும் கூண்டில். 1992 முதல் அவற்றை வெளியே விடுகிறார்கள். இன்று மொத்த எண்ணிக்கை 500ஐத் தாண்டிவிட்டது. இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை உங்கள் மகளுக்காகச் சொல்ல வேண்டும்: ஓமானில் விடப்பட்ட இரலைகளைக் கள்ளவேட்டைக்காரர்கள் மறுபடியும் குறைத்தார்கள், சரணாலயத்தின் பரப்பும் வெகுவாகச் சுருக்கப்பட்டது, 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. பெருக்கித் தருவதோடு மிருகக்காட்சிசாலையின் வேலை முடியலாம். காட்டைக் காப்பது வேறு வேலை.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் சாதனைகள், நம் பக்கத்துச் சிறிய பூங்காவுக்கு இதில் என்ன பங்கு என்று அவர் கேட்கலாம். பாலினேசியத் தீவுகளின் பார்ட்டுலா என்ற மரநத்தைகள் நல்ல மறுமொழி. பயிரை அழித்த ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க, 1970களில் ஊனுண்ணி நத்தை ஒன்றை அங்கே இறக்கினார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு இந்தச் சிறு நத்தைகளைத் தின்று தீர்த்தது. எஞ்சியவற்றைப் பல மிருகக்காட்சிசாலைகள் பங்கிட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளில் வளர்த்தன; 2015ஆம் ஆண்டு அவற்றின் சந்ததி தீவுக்குத் திரும்பத் தொடங்கியது. இத்தகைய பணிக்குப் பெரிய நிலம் வேண்டாம், ஓர் அறையும் சலிக்காத பணியாளரும் போதும். அடிபட்டுத் திரும்பப் பறக்க முடியாத பறவை, வீடுகளில் சட்டவிரோதமாக வளர்த்துப் பறிமுதல் செய்யப்பட்ட கிளி, ஆமை ஆகியவற்றுக்கு இடம் கொடுப்பதும் சிறிய பூங்காக்கள் செய்யக்கூடிய வேலையே. உங்கள் பூங்கா இதில் எதையும் செய்கிறதா என்று விசாரித்துவரும் பொறுப்பை மூத்த மகளிடமே ஒப்படையுங்கள். செய்கிறது என்றால் அவர் வரட்டும். எதையும் செய்யவில்லை, விலங்கை ஆடவைத்துக் காட்டுவதும் அதனோடு படமெடுக்க வரிசையில் நிற்கவைப்பதும்தான் அங்கே நடக்கிறது என்றால், இளையவர்களையும் அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

கேள்வி: முழங்கால் வலியுள்ள பாட்டியை உடன் அழைத்துச் செல்லலாமா? (ஒரு பேரன்)

பதில்: தாராளமாக. சிறிய பூங்காவின் முதல் வசதியே நடை குறைவு என்பதுதான். சக்கர நாற்காலி கிடைக்குமா, பாதை சரளைக்கல்லா சமதளமா, கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா என்ற மூன்றையும் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கிளிகளோ நீர்ப்பறவைகளோ இருக்கும் அடைப்பின் எதிரே நிழலில் பாட்டியை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றி வரலாம். ஓடி ஓடிப் பார்த்தவர்களைவிட அதிகமாக அவர் பார்த்து வைத்திருப்பார்.

கேள்வி: போன மாதம் பார்த்த ஆண் மயிலுக்கு நீளத் தோகையே இல்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று என் ஆறு வயது மகள் இன்னும் வருத்தப்படுகிறாள். (ஒரு தாய்)

பதில்: யாரும் பிடுங்கவில்லை என்று சொல்லி அவளைத் தேற்றுங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மயில் ஆண்டுதோறும் தோகை இறகுகளைத் தானாகவே உதிர்த்துவிடும். அடுத்த பருவத்துக்குள் புதியவை வளர்ந்துவிடும். தோகை என்று நாம் வியப்பது உண்மையில் வாலும் அன்று. வாலின் அடிப்பகுதியை மூடும் இறகுகள்தாம் அப்படி நீண்டு வளர்கின்றன. அடுத்த முறை தோகை விரித்த மயில் ஒன்றைக் கண்டால், எல்லாரும் முன்னால் நின்று படமெடுக்கும்போது உங்கள் மகளைப் பின்பக்கம் அழைத்துச் செல்லுங்கள். விரிந்த தோகைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் குட்டையான, விறைப்பான இறகுகள் விசிறியாக நின்று அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதுதான் வால்.